கோக்கி மாமாவின் நன்றி விருந்து

பட்டினி போட்டே மனிதர்களைப் பேச வைத்த ஒரே ஆள் இந்த மாத்தளையில் எங்கள் கோக்கி மாமாதான்.

என் மனைவி செல்விக்குத் தாய்மாமன். டுபாயில் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குப் பதினெட்டு வருடம் சமைத்துப் போட்டவர். சமையற்காரரை இங்கே கோக்கி என்போம். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கே மறந்திருக்கும். மற்றவர்கள் டுபாயிலிருந்து டீவி கொண்டுவந்தார்கள். இவர் ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு பண்டிகையும் கொண்டுவந்தார். நவம்பர் நாலாவது வியாழக்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லும்வரை சட்டி மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது.

பண்டிகைக்கு வான்கோழி வேண்டுமாம். பல்லேகமவில் தேடிப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். "அப்ப அதுக்கும் ஸீட் குடுங்க" என்று சண்டை பிடித்து, மாத்தளை வரை ஜன்னலோரமாக உட்கார வைத்தே கொண்டுவந்தார். மறுநாள் கத்தியோடு போனவர், வெட்டுவதற்கு முன்னால் அதற்கு ஒரு நன்றி சொன்னார். அதோடு கத்தி திரும்பி வந்துவிட்டது.

"தலையச் சாய்ச்சு முழுசாக் கேட்டுச்சு செல்வி! இந்த வீட்ல நான் பேசுறத யாரு முழுசாக் கேட்டிருக்கீங்க?"

அன்று வெட்டுப்பட்டது பொலஸ்தான். அந்த இளம் பலாக்காயை வான்கோழி மாதிரிச் செதுக்கி, மரவள்ளிக்கிழங்கில் இரண்டு கால் செருகிவிட்டார். அசல் வான்கோழி மேசைக்கடியில் சோறு பொறுக்கியது. அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது.

எனக்குத்தான் சங்கடம். மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை செய்கிறேன். அந்த இரைச்சலில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அதனாலேயே அந்த வேலை பிடிக்கும்.

முதல் வருடம் "மழைக்கு நன்றி" என்றேன். கூரை ஒழுகி என் தட்டில்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொய்! ஆனா பசிக்குது, போகட்டும்" என்றார் மாமா.

அடுத்த வருடம் கை கழுவுகிற சாக்கில் நழுவினேன். வான்கோழி என்னைக் கிணற்றடியில் மறித்துக்கொண்டது. உள்ளே பத்துப் பேர் ஒரு மணித்தியாலம் பசியோடு என்னைத் திட்டினார்கள். போன வருடம் பல்வலி என்றேன். மாமியார் நம்பிவிட்டார். எல்லோருக்கும் பொலஸ், எனக்குக் கஞ்சி.

இந்த வருடம் என் முறை வந்ததும் மாமா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு இது புடிக்கல போல. ஒருத்தரக் கஷ்டப்படுத்தி என்னா நன்றி? இன்னைக்கும் அவரு பேசலேன்னா அடுத்த வருஷம் இந்தக் கூத்து வேணாம்."

குரலில் கேலி இல்லை. வருடம் முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருக்கிற என் மகள் முகம் வாடிப்போனது.

"சொல்லுங்கப்பா. சின்னதா ஒண்ணு."

எழுந்தேன். முழங்கால் மேசையில் இடித்து, பொலஸின் ஒரு கால் கழன்று விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அஞ்சாம் வகுப்போட நின்னவனுக்குப் பொண்ணு இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றேன். மாமியார் தட்டைப் பார்த்தார். "நீங்க மட்டும்தான் டுபாய்லருந்து டெலிபோன் கோல் எடுத்து, 'குடுங்க, நல்ல பையன்'னு சொன்னீங்க மாமா. அதுக்குத்தான்."

மாமா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பின்பக்கம் முன்னால் இருந்தது.

"சோறு ஆறுது. சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று விறுவிறுவென்று குசினிக்குள் போய்விட்டார்.

"மாமா, நீங்க இன்னும் சொல்லலையே!" என்று செல்வி கூப்பிட்டாள்.

எங்களையெல்லாம் விரட்டி விரட்டிச் சொல்ல வைத்தவர், இத்தனை வருடத்தில் தன் முறைக்கு ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வெங்காயம் வெட்டிட்டு வாறேன்" என்று உள்ளிருந்து குரல் கம்மிக் கேட்டது.

சமையல் எல்லாம் முடிந்து மேசைக்கு வந்தாயிற்று. இனி எதற்கு வெங்காயம் என்று யாரும் கேட்கவில்லை. சட்டி மூடியில் கை வைக்காமல், அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.