இரண்டு டிஸ்க்குக்கும் பொட்டு

மதுரை மாநகரத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார்: எங்கள் பொட்டு அண்ணன். டீக்கடையில் ஒரு டீயை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக வாங்குவார். ஒன்று கொட்டினாலும் மற்றது மிஞ்சுமாம். கையில் இரண்டு வாட்ச். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். நடுவில் ஒரு நேரத்தை உத்தேசமாக எடுத்துக்கொண்டு, அதற்கும் தாமதமாக வருவார்.

தொழில், கம்ப்யூட்டர் ரிப்பேர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் சிம்மக்கல் பக்கம் டி.டி.பி. சென்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்துப்பிழை சப்ளை செய்துகொண்டிருந்தேன். அண்ணன் ஆனையூரிலிருந்து மொபெட்டில் வருவார். ஹேண்டிலில் டிபன் கேரியர். மேலடுக்கில் எலுமிச்சம் சோறு, நடுவில் துவையல், அடியடுக்கில் துணி சுற்றிய ஹார்டு டிஸ்க்.

எந்த டிஸ்க்கையும் ஒன்றாக விட்டுவைக்க மாட்டார். உள்ளே நாலு அறையாகப் பிரித்தால்தான் அவருக்கு மூச்சு வரும். ஏன் என்று கேட்டேன்.

“அம்புட்டுப் பேரும் ஒரே ரூம்ல படுத்தா, ஒருத்தன் வாந்தியெடுத்தா எல்லாருக்கும் தூக்கம் போயிரும்ல தம்பி.”

பிரித்ததோடு விடமாட்டார். முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகலெடுப்பார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் என்பதால், நிறைந்த டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு. பொட்டு வைத்தது கொடுக்கும், வைக்காதது வாங்கும். மாற்றிப் பிடித்தால் காலி டிஸ்க் நிறைந்ததன்மேல் ஏறி, இரண்டும் காலி. பெயர் வந்த கதை இதுதான்.

அந்த வருடம் என் மாமனார் தன் வாழ்க்கை வரலாற்றை நானூறு பக்கம் எழுதினார். அறுபதாம் கல்யாணத்தில் வெளியீடு. ஆறு மாதம் நான்தான் டைப் அடித்தேன். புரூஃப் பார்த்த கையோடு கையெழுத்துத் தாளைக் கிழித்துவிடுவார். “அதான் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சே மாப்ள” என்பார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே அண்ணன் என் டிஸ்க்குக்குப் பொட்டு வைத்து, காலி டிஸ்க் ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு, தான் வரும்வரை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு டி. கல்லுப்பட்டிக்குப் போயிருந்தார். மறுநாள் விஜயதசமி. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள நல்ல நாளாயிற்றே என்று நானே நகலெடுக்க இறங்கினேன்.

பார்த்தால், இரண்டு டிஸ்க்கிலும் பொட்டு. பெரிய பொட்டுதான் கொடுக்கிற டிஸ்க் என்று தீர்ப்பு வழங்கி, பட்டனை அழுத்தினேன். நாலே நிமிடத்தில் முடிந்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். ஒன்றுமில்லாததை நகலெடுக்க எவ்வளவு நேரமாகும்?

மாமனார் பிறந்ததிலிருந்து ஓய்வு பெற்றது வரை எதுவும் இல்லை. கம்ப்யூட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டேன். சட்டையைக் கழற்றி மாட்டினேன். நானூறு பக்கமும் நழுவி விழுந்திருக்கும் என்பதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். அந்தக் கோலத்தில்தான் அண்ணன் என்னைக் கண்டார்.

“இன்னொரு பொட்டு யாரு வச்சது?”

“நாந்தாண்ணே” என்றாள் என் மனைவி. “மவுசுக்குக்கூட வச்சாச்சு. நல்ல நாளும் அதுவுமா அது ஒண்ணு மட்டும் வெறும் நெத்தியா கெடந்தா நல்லாவா இருக்கும்?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அவுக வச்சது சரிதான். நீங்க தொட்டதுதான் தப்பு.”

பிறகு டிபன் கேரியரின் அடியடுக்கைத் திறந்தார். “ரெண்டு காப்பியும் ஒரே கடையில கெடந்தா அது ஒரு காப்பிதான் தம்பி. மூணாவது நம்ம வீட்ல இருக்கும்.”

மாமனார் முழுதாகத் திரும்பி வந்தார், துவையல் வாசனையோடு. படித்தீர்களா அண்ணே என்று கேட்டேன்.

“நூறு பக்கம் படிச்சேன். அதுக்கு மேல ரெண்டு நாள் காய்ச்சல்.”

கடைசியாக அடித்த நன்றியுரை மட்டும் அதில் இல்லை. மாமனாரிடம் கேட்டால் குட்டு உடையும். நானே எழுதினேன். அதில் பொட்டு அண்ணனுக்கும் ஒரு வரி. யாரது என்று மாமனார் இன்றுவரை கேட்கவில்லை. அண்ணன் மட்டும் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார்.

இப்போதும் ஆயுத பூஜையன்று என் மனைவி கடையிலுள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் விட்டுவிடுவாள்.

“அது அண்ணன் வந்து பாக்கட்டும்” என்பாள்.