தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

அன்பும் பண்பும் நிறைந்த என் மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் என்னைத் தவிர அனைவரும் நலம். அவ்விடத்தில் நீ நலமாக இருப்பாய் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நாற்காலிக் கடை வைத்திருப்பவன் நினைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகளைச் சொல்லவும். போனை எடுத்துப் பேசாமல் இந்த மனுஷன் எதற்காக மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். இந்த வீட்டில் நான் எங்கிருந்து பேசினாலும் உன் அக்கா காதில் விழும். விழாமல் பேச வேண்டுமென்றால் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கதவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற கதை உனக்குத் தெரியும். ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவன் நான். வெட்டு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போடும் வழக்கம் கிடையாது. உட்கார்ந்து வெட்டினால் கோடு கோணிவிடும். ஆகவே மாலை போட்டு அனுப்பிய அன்றைக்கே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன், மிச்சமிருக்கும் காலத்தை உட்கார்ந்து கழிப்பது என்று. அதற்கு இந்த வீட்டில் இடம் தேடிப் பார்த்தால், கூடத்தில் உட்கார்ந்தால் உன் அக்கா ஈரத் துணியோடு வந்து காலைத் தூக்கச் சொல்கிறாள், தூக்கிய காலை இறக்குவதற்குள் மறுபடி வருகிறாள். சமையலறைப் பக்கம் உட்கார்ந்தால் வெங்காயக் கூடை மடிக்கு வருகிறது. மகன் அறையில் தலையை நீட்டினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அவன் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் "ஹலோ அங்கிள்" என்கிறார்கள், அவன் என்னை முறைக்கிறான். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அவளுடைய அறை மட்டும் காலியாக இருந்தது. பரணில், பழைய பேப்பர் கடைகளில் நான் பொறுக்கிச் சேர்த்த புத்தகங்கள் சாக்கு சாக்காகக் கிடந்தன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நூலகம். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, காலை நீட்டி, யாரும் கூப்பிடாமல் ஒரு புத்தகம் படிக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். உன் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவ்வளவு லேசில் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டவள் இல்லை, அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதலில் மகன் கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து காட்டினான். அதில் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள், அவற்றில் சாய்த்த ஓர் ஏணி, ஏணிக்குக் கீழே ஒரு பூனை. ஏணியும் பூனையும் வேண்டாம், அலமாரியும் கதவும் போதும் என்றேன். அப்பாவுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு தச்சரைப் பிடித்தேன். எப்போது கூப்பிட்டாலும் "அரை மணியில வந்துடறேன் சார்" என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு அரைமணி என்றே பெயர். அரைமணி வேலையில் கெட்டிக்காரர், வந்தால். அவர் அளவெடுக்க வரவேண்டிய அன்று வரவில்லை. என்ன பெரிய அளவு, ஊர் முழுக்கப் போடுகிற சட்டைகளுக்கு அளவு குறித்து வெட்டியவனுக்கு ஒரு சுவரை அளக்கத் தெரியாதா என்று, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து நானே அளந்து, அவர் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். இங்கேதான் என் கை எனக்குத் துரோகம் செய்தது. தையல்காரன் கை எந்த அளவை எடுத்தாலும் தையலுக்கென்று இரண்டு அங்குலம் சேர்த்துத்தான் சொல்லும். உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்துவிட வேண்டும். துணிக்கு அது சரி. சுவர் நாளைக்குப் பெருக்கப் போவதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அலமாரி பட்டறையிலேயே பொருத்தி, மெருகு போட்டு, மணமேடைக்குப் போகிற பெண் மாதிரி வந்து இறங்கியது. நான் அளந்த உள் சுவரில் நிறுத்தினால் இரண்டு அங்குலம் இடிக்கிறது. அறுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும் என்று அரைமணி கையை விரித்தார். கடைசியில் கதவை ஒட்டிய சுவரில் நிறுத்தினோம். அங்கே கச்சிதமாக நின்றது, ஆனால் அலமாரியின் ஓரம் கதவுக்கு முன்னால் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டதால், கதவு பாதிதான் திறந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். உன் அக்கா வந்து வாசலில் நின்று பார்த்தாள். பக்கவாட்டில் நுழைவதற்கு நான் என்ன நண்டா என்று கேட்டுவிட்டுப் போனாள். மைத்துனா, அந்த நாட்கள்தான் என் பொற்காலம். ஈரத் துணி உள்ளே வராது, வெங்காயம் வராது, மகன் வந்தால் அவன் தொப்பை நடுவில் மாட்டிக்கொள்ளும். நான் மட்டும் நண்டாகி உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, புத்தகச் சாக்கின் மேல் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். உட்கார நல்ல நாற்காலி ஒன்றுதான் குறை. அந்தக் குறையை உன்னிடம் போனில் சொன்னேன் பார், என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

உன் நல்ல மனசை நான் குறை சொல்லவில்லை. ஓய்வு பெற்ற அத்தானுக்கு என் அன்பளிப்பு என்று, சாய்ந்தால் கூடச் சாய்ந்து, காலுக்கும் தானே ஒரு பலகையை நீட்டும் நாற்காலியை அனுப்புவதாகச் சொன்னாய். வாசல் அகலம் எவ்வளவு அத்தான் என்றும் பொறுப்பாகக் கேட்டாய். நான் டேப்பைப் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். எப்படிச் சொல்லியிருப்பேன் என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும்.

நாற்காலி வந்த அன்று நான் உள்ளே நின்று, வாங்க வாங்க என்று வரவேற்றுக்கொண்டிருந்தேன். உன் ஆட்கள் கதவைக் கீலிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தித் தூக்கி ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். அது பாதி தூரம் வந்து நிலையில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும் என்று சொல்லி உன் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். புட்டிக்கு மூடி போட்ட மாதிரி நாற்காலி வாசலை அடைத்துக்கொள்ள, நான் உள்ளே. முதலில் எனக்கு இது ஒரு வகையில் வசதியாகவே பட்டது. உன் அக்கா நாற்காலி முதுகுக்கு மேலே கை மட்டும் நுழைகிற இடுக்கு வழியாக டீயை நீட்டினாள். குடித்தேன். அந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எனக்கு வெளியே போயே ஆக வேண்டிய அவசரம் வந்துவிட்டது, ஜன்னலிலோ கம்பி. அரைமணிக்குப் போன் செய்தால், அரை மணியில் வருகிறேன் என்றார். நான் எந்த நிலையில் எப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன் என்பதை உறவுக்காரனுக்கு எழுதுவது மரியாதை இல்லை. அரைமணி சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தார். நிலையைப் பெயர்த்து, கூடவே சுவரிலும் கொஞ்சம் பெயர்த்தார். நாற்காலி உள்ளே போகிற அதே நேரத்தில் நான் அதன் மேல் ஏறிக் குதித்து வெளியே ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாசல் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. பழைய கதவு அதற்குச் சேராது. புதுக் கதவுக்கு மரம் சொல்லியிருக்கிறேன் என்றார் அரைமணி, எப்போது வரும் என்பதை நான் கேட்கவில்லை. நல்ல மரத்தை வீணாக்குவது அவருக்கு ஆகாது. நான் அசந்த நேரத்தில் அந்தக் கதவுக்கே நாலு கால் வைத்து, இந்தாங்க சார் எழுதறதுக்கு மேசை என்று அறைக்குள் போட்டுவிட்டார். தாழ்ப்பாளும் பூட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தக் கதவின் மேல்தான் இப்போது இந்தத் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசைக்கு ஒரு தரம் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், மேசை பத்திரமாகப் பூட்டிக்கொண்டது.

கதவு போனதும் வீடே உள்ளே வந்துவிட்டது. முதலில் மகன் வந்தான். புத்தகங்களைப் பார்வையாக அடுக்கித் தருகிறேன் என்று, பொருள் என்ன, ஆசிரியர் யார் என்ற கவலை எதுவும் இல்லாமல், அட்டை நிறத்தைப் பார்த்துச் சிவப்பெல்லாம் ஓரிடம், பச்சையெல்லாம் ஓரிடம் என்று அடுக்கினான். கோழி வளர்ப்பும் குண்டலினி யோகமும் மஞ்சளாக இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு பாகத் துப்பறியும் நாவல் ஒன்று, முதல் பாகம் சிவப்பு, அடுத்த பாகம் எந்த நிறமென்று எனக்கே நினைவில்லை. அடுக்கி முடித்ததும், முதுகுக்குப் பின்னால் புத்தகம் இருந்தால் ஆபீஸில் மதிப்பு என்று கம்ப்யூட்டரையும் இங்கேயே தூக்கி வந்துவிட்டான். அவன் பேசும்போது நான் அந்தப் பக்கம் போகக் கூடாது; போக வேண்டுமென்றால் குனிந்து போக வேண்டும். என் நூலகத்துக்குள் நான் தவழ்ந்து போகிறேன், இந்த வயசில்.

அடுத்தது உன் அக்கா. கதவு மேசை ஒரு பக்கம் ஆடியது. முட்டுக் கொடுக்க அந்தச் சிவப்பு அட்டை நாவலை எடுத்தவள், நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் படித்தாள், அப்புறம் எங்கேயோ கை பட்டுக் கால் பலகை தானாக நீண்டது. அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. மேசை இன்னமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, இந்தக் கடிதத்தின் கையெழுத்துக்கு அதுதான் காரணம். மகன் பேச ஆரம்பித்தால் மட்டும் படத்தில் விழாதபடி நாற்காலியைச் சாய்த்துக்கொள்கிறாள். ஈரத் துணி வாளியிலேயே காய்கிறது. வெங்காயத்தை நானே கூடையிலிருந்து எடுத்து நானே உரிக்கிறேன். நேற்று பொறுக்கமாட்டாமல், இது நான் உட்காரத்தானே உன் தம்பி அனுப்பியது என்று கேட்டேவிட்டேன். புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"வார்டுல நர்ஸா சேர்ந்த நாள்லேர்ந்து நானும் நின்னுக்கிட்டேதாங்க இருந்தேன். வீட்டுக்கு வந்தும் நின்னேன். உங்க காலுக்கு மட்டுந்தான் வலிக்குமா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். காலைத் தூக்கச் சொல்ல யாரும் வரவில்லை என்பது இன்னும் கோபமாக இருந்தது.

ஆகவே மைத்துனா, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அந்த நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடு. உன் அக்கா கேட்டால், கடையில் காட்டுவதற்கு வேண்டுமென்று ஏதாவது பொய் சொல். சின்ன வயசில் நீ சொல்லாத பொய்யா? நாற்காலி போய்விட்டால் அவள் தன்னால் வெளியே வந்துவிடுவாள், அவள் வந்தால் அரைமணியைக் கொண்டு மேசையை மறுபடியும் கதவாக்கி, ஓட்டையைப் பூசி, பழையபடி நண்டு நுழைகிற சந்து ஆக்கிக்கொள்வேன். எனக்குச் சாக்கு மூட்டையே போதும். இதை நீ செய்யவில்லை என்றால், உன் கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த கோட்டைப் பற்றி உன் மனைவியிடம் நான் இதுவரை சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லிவிடுவேன்.

உன் வியாபாரம் பெருகட்டும், உன் முதுகு நிமிர்ந்திருக்கட்டும், உன் வீட்டுக் கதவுகள் எல்லாம் முழுசாகத் திறந்து முழுசாக மூடட்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். தாளை மடித்து, உறை தேடிக் கூடத்துக்குப் போன நேரத்தில் உன் அக்கா உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டாள். என்னவோ ஏதோ என்று ஓடினால், முதல் பாகம் முடிந்துவிட்டதாம், கொலை செய்தது யாரென்று தெரியவில்லையாம், அடுத்த பாகம் எங்கே என்கிறாள். ஒவ்வொரு நிறமாகத் தேடி, பச்சைக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கண் எரிகிறது, நீங்களே படிங்க என்றாள். நின்றுகொண்டே வாசித்தேன். கொஞ்ச தூரம் போனதும் என் காலைப் பார்த்தாள். நாற்காலியில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உட்காருங்க என்றாள். உன் கடை ஆட்கள் என்ன அளவில் செய்கிறார்கள் என்று தெரியவில்லை, இரண்டு அங்குலம் இடித்தது. இடித்துக்கொண்டே ஏழு அத்தியாயம் படித்துவிட்டோம். எனக்குக் கதையில் வருகிற வைத்தியர் மேல் சந்தேகம், அவளுக்கு விதவை மேல். ஆகவே அதே மாதிரி இன்னொரு நாற்காலி உடனே அனுப்பவும். வாசல் அகலத்தை என்னிடம் கேட்காதே. நாற்காலி உள்ளே வந்த பிறகு பெரிய கதவாக ஒன்று போட்டு, தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். உன் மருமகனிடம், அதாவது என் மகனிடம், இதை மூச்சுவிட வேண்டாம். அரைமணிக்குச் சொல்லியாகிவிட்டது, அரை மணியில் வருகிறாராம்.