மாலை போடாத படம்

உப்புவெளி,
ஐப்பசி மாதம், வியாழக்கிழமை.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய தம்பி சோமசேகரத்துக்கு,

கோணேசப் பெருமான் கிருபையால் நானும் மகள் ஜெயரூபியும் பேத்தி நிரோஜினியும் உயிரோடு இருக்கிறோம். நீயும் உன் மனைவி மக்களும் கனடாக் குளிருக்குள் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் புருஷனின் செத்தவீட்டுக்கு நீ வராமல், பூவளையம் மட்டும் அனுப்பி, அதிலும் அவர் பெயரைப் பிழையாய் எழுதுவித்த நாளிலிருந்து உன்னோடு கதைப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் போன கிழமை நீ டெலிபோனில் ஜெயரூபியிடம் கேட்ட காரியம் அப்படியே விடக்கூடியது இல்லை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னைப் படிப்பிக்கவேண்டும் என்று என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்தது அப்பா. ஆகவே பிழையில் பாதி அவருடையது, பாதி உன்னுடையது.

நீ கேட்டது என் மகன் வினோதனின் படம். கார்த்திகை மாதம் உங்கள் சங்கத்து மண்டபத்தில் இயக்கத்தில் செத்த வீரர்களின் படங்களை வரிசையாய் வைத்து, மாலை போட்டு, விளக்கு ஏற்றுவீர்களாம். சீருடையோடு படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, கம்பியூட்டரில் சீருடை போட்டுத் தர அங்கே ஒரு பெடியன் இருக்கிறானாம். தம்பி, நாங்கள் இலங்கைத்துறையில் இருந்த காலத்தில், டியூசனுக்குப் போன பிள்ளையை இயக்கத்துக்காரர் வழியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினைந்து வயது. அவன் சேர்ந்தவன் இல்லை, சேர்க்கப்பட்டவன். அதற்குப் பிறகு அவன் செத்தான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் முடிந்தது என்று அர்த்தம், இதை உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த வருஷத்துக்குள் அந்தப் படத்தை மாலையிலிருந்து காப்பாற்ற நான் பட்ட பாட்டைக் கேள்.

சித்திரை மழையில் சுவர் ஊறி, படம் ஆணியோடு விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது, சரியென்று வைகாசியில் டவுனுக்குக் கொண்டுபோனால், ஃபிரேம் கடை அபூதாஹிர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவருடைய கடையில் ஃபிரேம் வாங்கினால் சந்தன நிறத்தில் பிளாஸ்டிக் மாலை இலவசம். “அம்மா, இந்தச் சைஸுக்கு மாலையும் வரும், சின்ன லைட்டும் வரும். எரிஞ்சு எரிஞ்சு அணையும்” என்றார். “என்ரை பிள்ளை உயிரோட இருக்கிறான்” என்றேன். “அப்ப மாலையைத் தனியாப் பார்சல் பண்ணுறன், பிறகு உதவும்” என்றார். நான் பேசின பேச்சில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப்பார்த்தார்கள். புது ஃபிரேம் போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தால் பஸ் இல்லை, வீதியை மறித்திருக்கிறார்கள், அன்றைக்குத்தான் அரசாங்கம் படைவீரருக்கு வைக்கிற நாளாம், துறைமுகப் பக்கம் முழுக்கக் கொடி. கிழவி வெயிலில் நிற்கிறாள் என்று ஒரு நேவிப் பெடியன், நல்லாய் இருப்பான், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பந்தலுக்குள் ஒரு கதிரையில் இருத்தினான். இருந்த பிறகுதான் பார்க்கிறேன், அந்த வரிசை முழுக்கப் பெண்கள், ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு படம். என் மடியிலும் ஒரு படம். அந்தப் பெடியனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய.

எழும்பிப் போகலாம் என்றால் முன்னுக்கு அணிவகுப்பு, பின்னுக்கு வாத்தியம். பக்கத்தில் இருந்தவள் குசுமாவதி என்கிற சிங்கள அம்மா, தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் தமிழ் தெரியும் அவளுக்கு, எனக்குச் சந்தைச் சிங்களம். என் படத்தைக் காட்டி “மகன்?” என்றாள். “ஓம்” என்றேன். “நேவியா, ஆமியா?” என்றாள். எனக்கு வாயில் வந்தது “ஸ்கூல்.” அப்படியும் ஒரு படைப்பிரிவு இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, தலையை ஆட்டினாள். அதற்குள் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி தட்டு நிறைய மாலையோடு வரிசையில் வருகிறாள், ஒவ்வொரு படத்துக்கும் போட்டுப் போட்டு வருகிறாள். நான் சேலைத் தலைப்பால் வினோதனை மூடிவிட்டேன். இனிப் பிடிபட்டேன், எல்லோரும் பார்க்கப் போகிறார்கள் என்று தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்க, எனக்கு முதல் குசுமாவதி தன் படத்தைக் குப்புறக் கவிழ்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு “எப்பா, எப்பா” என்கிறாள், வேண்டாம், வேண்டாம் என்று. அவளுடைய மகன் போன கப்பலும் வரவில்லை, மகனும் வரவில்லை, பெட்டியும் வரவில்லையாம். மாலைக்காரி என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு மாலையையும் எங்கள் இரண்டு பேரின் மடியிலும் போட்டுவிட்டு அங்கால் போனாள். நாங்கள் அதைக் கதிரைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டோம். பிறகு சோற்றுப் பார்சல் தந்தார்கள், தன் மீன் துண்டை அவள் எனக்குத் தந்தாள், நான் வெற்றிலை கொடுத்தேன். போகும்போது என் வெற்றிலைப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டாள். மறந்துபோய்த்தான் கொண்டுபோயிருப்பாள், ஆனால் நான் மறக்கமாட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் ஒக்டோபரில் சிறுவர் தினம். அதே நாளில்தான் முதியோருக்கும் நாள், பிள்ளைக்கும் கிழவிக்கும் ஒரே நாளில் விழா வைத்தால் செலவு குறையும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நிரோஜினியின் பள்ளிக்கூடத்தில் வீட்டுச் சிறுவர்களின் படம் கொண்டுவரச் சொன்னார்களாம், கண்காட்சிக்கு. அவள் தன் படத்தைத் தேடி எடுக்கப் பஞ்சிப்பட்டு, எங்களுக்குச் சொல்லாமல், கதிரையில் ஏறிச் சுவரில் இருந்த மாமாவைக் கழற்றி, பின்னால் பெயரையும் எழுதிக் கொண்டுபோய்விட்டாள். எனக்கு என்ன தெரியும், நான் முதியோர் வரிசையில் அவர்கள் போர்த்திவிட்ட சால்வையோடு வேர்த்துக்கொண்டு இருக்கிறேன். மைக்கில் புது ரீச்சர், “சிறந்த புன்னகைக்கான பரிசு, வினோதன். வினோதன் மேடைக்கு வரவும்” என்கிறா. ஒருவரும் வரவில்லை. திரும்பக் கூப்பிடுகிறா. அந்தப் பெயரை மைக்கில் வைத்து ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை தம்பி. நான் எழும்பிப் போனேன்.

“அம்மம்மா, பிள்ளை எங்கே?” என்றா.

“இன்னும் வரேல்லை” என்றேன்.

“அப்ப பரிசை நீங்கள் வாங்குங்கோ. வந்த உடனே குடுங்கோ” என்று ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்தா. சனம் கைதட்டியது. விஷயம் தெரிந்த அதிபர் பிறகு காதுக்குள் சொல்லியிருக்கவேண்டும், பாவம் ரீச்சர், அன்று பின்னேரம் கண் சிவந்து படத்தோடு வீட்டுக்கு வந்தா. படத்தைச் சுற்றி ஒரு முழ நீள மல்லிகை மாலை. மரியாதைக்குச் செய்த வேலை, ஆனால் நான் பிய்த்து வேலிக்கு மேலால் எறிந்தேன். அதைப் பக்கத்து வீட்டுப் பல்கீஸின் ஆடு தின்று, நூல் தொண்டையில் சிக்கி, இருமி இருமிச் சாகப் பார்த்தது. இப்போது பல்கீஸும் என்னோடு கதையில்லை, ரீச்சருக்கு என்னைக் கண்டால் பயம், வீட்டில் தண்ணீர்ப் போத்தலுக்கு நிரோஜினி அழுகிறாள், அது மாமாவுக்கு வந்தது என்று நான் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே தம்பி, யாருடைய நாளுக்கும் என் பிள்ளை இல்லை. இவர்களுடைய நாளில் அவனை மூடி வைக்கவேண்டி இருக்கிறது, உங்களுடைய நாளில் அவன் வீரனாம். தன் சட்டைக்குப் பொத்தான் பூட்டத் தெரியாமல் வாசலில் நின்று “அம்மா” என்று கூப்பிட்ட வீரன். சிறுவர் தினத்தில் மட்டும்தான் கூப்பிட்டார்கள், அதுவும் ஆள் மாறி. படம் தரமாட்டேன். இனிமேல் இதைக் கேட்டு டெலிபோன் எடுக்கவும் வேண்டாம். பத்திரகாளி அம்மாள் உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் உனக்கு நல்ல புத்தியும் தரட்டும். மச்சாளின் சீனி வியாதியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னால் பள்ளிக்கூடம் விட்ட அக்கா,
பாக்கியரத்தினம்.

பி.கு.: கடித உறையை ஒட்டமுதல் ஜெயரூபி இதை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படி நிலத்தில் குந்திவிட்டாள். “அம்மா, அண்ணாவுக்கு ஒரு திவசம் இல்லை, பிறந்தநாளும் இல்லை. மாமா எப்ப வருவார் எண்டு நிரோ என்னைத்தான் கேக்கிறாள். நீங்கள் போனாப் பிறகு நான் எந்தக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறது?” என்றாள். நான் எழும்பிப் போய்ச் சுவரிலிருந்து படத்தை இறக்கினேன். ஃபிரேமிலிருந்து கழற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கம்பியூட்டரில் ஒன்றும் வரையவேண்டாம், பள்ளிக்கூடச் சட்டையோடேயே வை. வயது பதினைந்து என்று பெரிதாய் எழுது. மாலையும் போடு. இங்கே என் கண்ணுக்கு முன்னால் போட என்னால் ஏலாது. போட்ட பிறகு எனக்குச் சொல்லாதே.