இரண்டு பாலங்களுக்கு நடுவே அம்மா

என் கூடப்பிறந்த நெரீனாவுக்கு,

கியோஜ்ஜாவிலிருந்து உன் அக்கா ஒர்சொலா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் மாப்பிள்ளை தூலியோவும் மாதா புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன், உன்னிடம் கேட்பதாக இல்லை.

அம்மாவை அப்பா பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாச்சு. செவ்வாய்க்கிழமை சுவர்க்கல்லறையில் வைத்து மூடி, கல்லும் பதிச்சாச்சு. இனி உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் நடந்ததை என் வாயால் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் புருஷன் வீட்டார் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

உன் ஊர் வெனிஸில் அந்தத் தீவுக் கல்லறையில் மண்ணுக்குள் படுக்கப் பன்னிரண்டு வருஷம்தான் விடுவார்கள், அப்புறம் வீட்டார் போய் எலும்பை வாங்காவிட்டால் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? கெடு முடிந்துவிட்டது, எலும்பை வாங்க வா என்றதற்கு, முழங்கால் வலி, வரமுடியாது என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாய். அம்மா செத்த அன்றைக்கு உன் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. கறுப்புப் படகில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உன் மாமியாரோடு ஏறி உட்கார்ந்துகொண்டு, மூத்தவள் என்னை மூன்றாவது படகில் ஒரு பல் டாக்டரோடு ஏற்றிவிட்டாய். அவர் தன் ஈரக்குடையை என் மடியில் சாய்த்து வைத்தார், அதன் கைப்பிடி வாத்துத் தலை, நான் ஒன்றும் மறக்கவில்லை. அப்பா பக்கத்தில்தான் கிடக்கணும் என்று அம்மா சொன்னது உன் காதிலும்தான் விழுந்தது. இங்கேயே இருக்கட்டும், நான் பூ வைக்கிறேன் என்றாய். போய்ப் பார்த்தேன், பிளாஸ்டிக் பூ.

அம்மாவின் எலும்பைத் தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். நம்மை எல்லாம் இடுப்பில் சுமந்தவள் என் மடியில் அடங்கிவிட்டாள். தெற்கத்திக் காற்று வேறு. பெரிய தண்ணியில் போனா பெட்டி ஆடும் அத்தை, ஊருக்குள்ள கால்வாய் வழியாப் போயிடலாம் என்றான் தூலியோ. அந்தக் காற்றடித்தால் தண்ணீர் ஏறும் என்பது மீன்பிடிக்கிறவனுக்குத் தெரியவேண்டாமா? இந்த வருஷம் படகுக்குக் கூரை வேறு போட்டிருக்கிறான். முதல் பாலத்துக்கு அடியில் கூரை உரச உரச வந்துவிட்டோம், அடுத்த பாலத்தில் முட்டிக்கொண்டது. சரி, திரும்பலாம் என்று பார்த்தால், அதற்குள் ஏறின தண்ணீரில் வந்த வழியும் அடைபட்டுப்போச்சு. இரண்டு பாலத்துக்கும் நடுவில் மழையில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன், உன் ஜன்னல். வேண்டுமென்று செய்யவில்லை என்கிறான். நான் நம்பவில்லை.

பாலத்து மேலிருந்து உன் தெருக் கிழவர் ஒருத்தர், நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார். "பெட்டியில என்னம்மா, மத்தியா நெத்திலியா?"

"எங்கம்மா" என்றேன்.

மனுஷன் தொப்பியைக் கழற்றினார். எந்த வீடு என்று கேட்டதற்கு நான் வாயைத் திறக்கவில்லை, தூலியோதான் உன் ஜன்னலைக் காட்டிக்கொடுத்தான். அப்புறமென்ன, தெருவே பாலத்தில் கூடிவிட்டது. ஒருத்தி செபமாலை சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் நாலு பேர் ஏறினா படகு தாழும், பாலத்துக்கடியில போயிடும், யாராச்சும் ஏறுங்கப்பா என்று ஒருத்தன் கூவினான், அவனும் ஏறவில்லை. உன் திரை அசைந்தது, பார்த்தேன். ரொம்ப நேரம் அசைந்தது. அப்புறம் ஜன்னல் திறந்தது, நீ காய்கறி வாங்க விடுகிற கூடை கயிற்றில் இறங்கியது. காப்பியாக இருக்கும் என்று தூலியோ கையை விட்டான். அம்மாவின் கறுப்புச் சால்வை. ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோச்சு என்று மாதா படத்தின் மேல் கை வைத்து நீ சத்தியம் பண்ணின அதே சால்வை.

"அம்மா நனையறா" என்றாய். அவ்வளவுதான் நீ பேசினது.

"மண்ணுக்குள்ள இத்தனை வருஷம் நனைஞ்சாளே, அப்ப எங்கடி போனே?"

நீ ஜன்னலைச் சாத்தவில்லை. தண்ணீர் இறங்குகிற வரைக்கும் நீ அங்கே நின்றாய், நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். படகு நகர்ந்தபோது கையைத் தூக்கினாய். அது அம்மாவுக்கா எனக்கா என்று தெரியாததால் நான் திருப்பிக் காட்டவில்லை.

சால்வை என்னிடமே இருக்கும். உன் புருஷனுக்கு என் வணக்கம், உன் மாமியார் ஆன்மாவுக்கு ஒரு செபம், சின்ன செபம். எங்கிருந்தாலும் மாதா உன்னைக் காப்பாற்றட்டும், அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மூத்தவள் ஒர்சொலா

பி.கு.: கல் பதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கொத்தனார் பெப்பி வந்தார், மழையில் சுண்ணாம்பு காயாது என்று திருப்பி அனுப்பினேன். நேற்று நல்ல வெயிலில் வந்தார், கல் கோணல் என்றேன். அம்மா என் சமையலறையில் அடுப்புப் பக்கம் இருக்கிறாள். ஒத்தையாளாக உள்ளே வைக்கக் கை போகமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூலியோ படகோடு வருவான், கீழே இறங்கி நில். வந்து ஒன்றும் பேசவேண்டாம், பெட்டியை அந்தப் பக்கம் பிடித்தால் போதும்.