யமகண்டமும் குங்குமப் பொட்டு லேப்டாப்பும்

எதையும் வாங்கத் தெரியாதவர்களுக்கென்று மயிலாப்பூரில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு யமகண்டத்துக்குத்தான். கோப்பையைக் கையில் கொடுத்தால், "இதே மாடல்ல சந்தனக் கலர் இருக்கா?" என்று கேட்டு மேடையிலிருந்து இறங்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

யமகண்டம் என்பது நாங்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும். ராகுகாலம் பார்க்கிறவர்கள் மயிலாப்பூரில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். இவர் அதோடு நிறுத்தாமல் யமகண்டத்தில் வாயே திறக்க மாட்டார். யார் என்ன கேட்டாலும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவார். ஒருமுறை கடையில் ஸ்டெபிலைசர் புகைந்தபோதும் கொள்கை மாறவில்லை. இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டி நெருப்பை அபிநயித்துக் காட்டினார். தாகமாக இருக்கிறதாக்கும் என்று நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் குடிக்காமல் என்னை முறைத்தார்.

மாட வீதியை ஒட்டிய சந்தில் அவர் கடை. 'கம்ப்யூட்டர் ஜாதகம். பத்தே நிமிடத்தில் பொருத்தம்' என்று போர்டு. உள்ளே போக செருப்பைக் கழற்ற வேண்டும். சில நாட்களில் கால் அலம்பவும் சொல்வார். பச்சை எழுத்து ஓடும் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் கிழக்குப் பார்த்து, தலையில் பூப்போட்ட துண்டோடு வீற்றிருக்கும். ஆயுத பூஜையன்று ஃப்ளாப்பி போடும் வாய்க்குள் பக்தியோடு அவர் சந்தனம் வைத்ததிலிருந்து, ஃப்ளாப்பியை வெளியே எடுக்க ஒரு ஹேர்பின் தேவைப்பட்டது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தால் தகர டப்பாவை வாலில் கட்டிக்கொண்டு நாய் ஓடுகிற சத்தம்.

ஆனால் ஒன்று. பொருத்தம் பார்த்து முடித்ததும் மானிட்டரை வாடிக்கையாளர் பக்கம் அப்படியே திருப்பிவிடுவார். "நான் சொல்லலை. மிஷின் சொல்றது. நீங்களே பாத்துக்கோங்கோ. மிஷின் பொய் சொல்லாது." சொந்த மச்சினன் கல்யாணத்தையே இப்படி மானிட்டரைத் திருப்பி நிறுத்தியவர். மாமி ஆறு மாதம் அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

எனக்கு அப்போது கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பிழை திருத்தும் வேலை. என் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வரும். போஸ்ட்மேன் சைக்கிளைத் திருப்புவதற்குள் வந்துவிடும் என்பார் அப்பா. அந்தச் சமயத்தில்தான் திருவான்மியூரிலிருந்து உமாவின் ஜாதகம் வந்தது. உமா யாரோ இல்லை. என் ஆபீஸுக்கு இரண்டு கட்டடம் தள்ளி வேலை பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்ப்பேன். ஓடுகிற பஸ்ஸில் ஏறப் போய் நான் ஒற்றைச் செருப்போடு ரோட்டில் நின்ற நாளில், இன்னொரு செருப்பைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுச் சிரித்தவள். இந்த ஜாதகமும் திரும்பிப் போனால் நான் சன்னியாசம் வாங்குவதாக இருந்தேன்.

உமாவின் அப்பா தணிக்கை ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். "நான் மயிலாப்பூர் வரதா இல்லை. உங்க ஜோசியர் எங்காத்துக்கு வந்து என் எதிர்ல பொருத்தம் பாக்கட்டும். முடியாதுன்னா அடையாறுல ஒரு பையன் லேப்டாப்போட வீட்டுக்கே வரான். அவனைக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அடையாறு பையனின் கம்ப்யூட்டருக்கு நான் யாரோ. யமகண்டத்தின் கம்ப்யூட்டருக்கு என் ஜாதகம் மனப்பாடம். தெரிந்த முகமாயிற்றே, ஒரு பொருத்தமாவது கூடப் போடாதா என்று எனக்கு ஒரு நப்பாசை. ஓடினேன்.

யமகண்டம் விஷயத்தைக் கேட்டுவிட்டு டெஸ்க்டாப்பைப் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு திருவான்மியூர் போவதென்றால் மாட்டு வண்டி பிடிக்க வேண்டும். "லேப்டாப் வாங்கிடறேன்டா. இதை எடைக்குப் போட்டுடலாம். நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, கூட வா" என்றார்.

நான் கம்ப்யூட்டர் படித்த லட்சணம் சொல்ல வேண்டும். தி.நகரில் மாடிப்படி ஏறி மூன்று மாதம் போனேன். மெஷினை ஆன் பண்ணவும், என் பெயரைத் திரை முழுக்க ஓடவிடவும் கற்றுக்கொண்டேன். ஓடுகிற பெயரை நிறுத்துவது அடுத்த பாடம். அதற்குள் ஃபீஸ் தீர்ந்துவிட்டது.

முதலில் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஏசி ஷோரூம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர், "பரவாயில்ல சார், செருப்போடவே வாங்க" என்றார்.

"செருப்போட வரவிட்டா நீங்க எப்படி மிஷினைக் காப்பாத்துவேள்?" என்று அங்கேயே ஒரு மார்க் குறைத்தார் யமகண்டம். பிறகு ஒரு லேப்டாப்பைக் காட்டி, "இது எப்போ பிறந்தது?" என்றார்.

"சார்?"

"தயாரான தேதி, நேரம், ஊர்."

"தைவான் சார். நேரமெல்லாம் தெரியாது."

"நேரம் தெரியாம எப்படிப்பா ஒரு ஆத்துக்குள்ள கொண்டுவரது? நாளைக்கு மாமியாருக்கு ஆகலேன்னா நீ வந்து நிப்பியா?"

மாமியார் யார் என்று அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் ஏசியைப் பார்த்தேன்.

அடுத்தடுத்து ஏறி இறங்கினோம். ஒன்று கறுப்பு: "சனி." இன்னொன்றும் கறுப்பு: "அண்ணன் சனி." ஒன்றில் எலி இல்லை: "பிள்ளையார் வாகனம் இல்லாம என்னடா கம்ப்யூட்டர்?" ஒன்றை மூடும்போது டப்பென்று சத்தம் வந்தது: "அபசகுனம்." வெற்றிலை வாங்கப் போனாலும் கடையில் கிழக்குப் பார்த்து நின்று காம்பு கிள்ளுகிற ஜன்மம். அதைக் கூட்டிக்கொண்டு லேப்டாப் வாங்கக் கிளம்பினேனே, என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது? அவர் செருப்பால் முடியாது. அது மூன்றாவது ஷோரூம் வாசலில் காணாமல் போயிருந்தது.

கடைசியில் தி.நகரில் ஒரு மாடிக் கடை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய சாமான்கள். கடைக்காரர் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்தார். யமகண்டம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"என்ன தெரியறது?"

"சாம்பல் கலர்ல புகை மாதிரி இருக்கு மாமா."

அந்தக் காலத்து லேப்டாப் திரை அப்படித்தான். நேர் எதிரே உட்கார்ந்தவருக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குப் புகை மூட்டம்.

"நேரா பாக்கறவனுக்கு மட்டும் தெரியறது. ஒளிச்சு ஒளிச்சுப் பாக்கறது ஒரு தொழிலா? மூடுப்பா" என்று எழுந்தவர், மூடி பாதி இறங்கும்போது, "நில்லு, நில்லு!" என்று அலறினார். கீபோர்டு நடுவில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான். எலிக்குப் பதிலாக அதை விரலால் தள்ள வேண்டுமாம்.

"டேய், இது தானே குங்குமம் வெச்சுண்டு வந்திருக்குடா!"

அதுவும் கறுப்பு என்பது மறந்துபோனது. தைவான் மறந்துபோனது. பேட்டரி அரை மணி தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. சந்தன வாசனையோடு ஜாதக ஃப்ளாப்பியைக் கொடுத்து அங்கேயே ஏற்றி வாங்கினார். அப்போதுதான் நான் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன். "மாமா, அமெரிக்கச் சாமான். அங்கே கரண்ட் பாதிதான். நம்ம கரண்டுல சொருகினா வெடிச்சிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும்." தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தேன். அது ஒரு ஆட்டுக்கல் கனம் இருந்தது.

கடைக்கு வெளியே முதன்முதலில் திறப்பது நல்ல முகூர்த்தத்தில், அதுவும் பெண் வீட்டிலேயே என்று உத்தரவு. அதனால் யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ பிடித்தோம். லேப்டாப் அவர் மடியில். ட்ரான்ஸ்ஃபார்மர் என் மடியில்.

"இன்னா சார், கெணத்து மோட்டாரா? ரிப்பேருக்கா எட்துகினு போற?" என்றார் ஆட்டோக்காரர்.

"கல்யாணத்துக்கு."

"மோட்டாருக்கா?"

யமகண்டம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா இப்படி வேர்த்துக் கொட்டறது? அந்தப் பொண்ணை முன்னாடியே தெரியுமோ?"

"பஸ் ஸ்டாப்புல பாத்திருக்கேன் மாமா."

"பாக்கப்படாது. பாத்துட்டா அப்புறம் ஜாதகம் பாக்கறதுல அர்த்தமே இல்லை" என்றவர் ஒரு சிக்னல் தாண்டியதும், "சிரிச்சாளா?" என்றார்.

"ஒருதரம்."

"ம்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திருவான்மியூரில் கேசரி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்தது. லேப்டாப்பைக் கிழக்குப் பார்த்து வைக்க ஹாலில் இடம் இல்லை. ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினார்கள். சோபாவைத் திருப்பினார்கள். உமாவின் அப்பா மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்தார். யமகண்டம் கண்ணை மூடி ஸ்லோகம் சொல்லி முடிக்க, நான் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன்.

'டமார்!'

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு விக்கல் விக்கி ஓய்ந்தது. வீட்டின் மெயின் ஃப்யூஸே போய்விட்டது.

புகைக்கு நடுவில் உமா வந்து லேப்டாப்பின் சார்ஜரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இதுல நூறுலேர்ந்து இருநூத்தி நாப்பது வோல்ட் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்கு இந்த ஆட்டுக்கல்?"

எல்லோரும் யமகண்டத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இவன் கம்ப்யூட்டர் படிச்சவன்" என்றார். உமா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் அவளுக்கு இருமல் வந்தது.

பேட்டரியில் ஓட்டலாம் என்று முடிவாயிற்று. இரண்டு ஜாதகத்தையும் அடித்து முடிப்பதற்குள் அது பாதி உயிர். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். திரையை நேராகப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஒவ்வொரு வரியாக வந்தது.

தினம்: இல்லை.

கணம்: இல்லை.

மாகேந்திரம்: இல்லை.

அதோடு திரை இருண்டது. குங்குமப் பொட்டு மட்டும் மிச்சம்.

அதே நிமிஷம் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி. யமகண்டம் ஆரம்பம். இனி ஒன்றரை மணி நேரம் இந்த மனிதர் நெருப்புப் பிடித்தாலும் பேச மாட்டார்.

"என்ன சொல்றது மிஷின்?" என்றார் உமாவின் அப்பா. "சொல்ல நாழியாகும்னா பரவாயில்லை. அடையாறு பையனையும் எதுக்கும் சாயந்திரம் வரச்சொல்லியிருக்கேன்."

யமகண்டம் கடிகாரத்தைப் பார்த்தார். கையைத் தூக்கி அதைக் காட்டப் போனார். பாதி வழியில் கை நின்றது. உமா இன்னும் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை கீழே இறங்கி, லேப்டாப்பை மெதுவாக மூடியது.

"பத்துக்கு ஒன்பது" என்றார் யமகண்டம். "பேஷா பொருந்தியிருக்கு."

"அப்படியா! என் கண்ணெதிர்லயே பாத்தாச்சு. உங்க மிஷின் பொய் சொல்லாதுன்னு மயிலாப்பூரே சொல்லுமே. அப்போ அந்தப் பையனை வேண்டாம்னுடறேன்" என்று உமாவின் அப்பா எழுந்து போனார். யமகண்டம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதுவும் யமகண்டத்தில்.

மறுநாள் கடைக்குப் போனேன். எடைக்குப் போகவேண்டிய டெஸ்க்டாப் பூப்போட்ட துண்டோடு பழைய இடத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தது. லேப்டாப் பரண் மேல்.

"ஏன் மாமா?"

"அது தொழிலுக்கு ஆகாதுடா. நேரா உக்காந்தவனுக்கு மட்டும் தெரியறது, எதிராளிக்கு ஒண்ணும் தெரியறதில்லை. மனுஷனுக்குக் கெட்ட புத்தி வரது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் கடிகாரத்தைக் காட்டுவார், எந்த நேரமானாலும்.

எங்கள் வீட்டில் தினம் ஒரு சண்டை உண்டு. நான் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தால் இரண்டு. முதல் மூன்று பொருத்தம் இல்லை என்று மிஷின் சொன்னது சத்தியம். மிஷின் பொய் சொல்லாது. மீதியை, யமகண்டத்தில் வாய் திறந்து ஒரு மனிதர் சொன்னாரே என்பதற்காக, நானும் உமாவும் இத்தனை வருஷமாகப் பொருத்திக்கொண்டு வருகிறோம்.