சிக்கெடுத்த புரதம்

கடைசிச் சிக்கும் விடுபட்டதும் கோர்வைக்காரர் சங்கிலியை நீட்டிப் பிடித்து ரசித்தார். ஐம்பத்தேழு பிளாஸ்டிக் மணிகள், இருபது நிறங்கள். ஒரு முடிச்சில்லை, ஒரு முறுக்கில்லை. நகைக்கடையில் அறுந்த மாலையைக் கோர்த்தும் சிக்கிய சங்கிலியைப் பிரித்தும் பழகிய கை, விடுமுறை நாளில் மட்டும் சும்மா இருக்குமா? மனைவியின் பெட்டியைத் திறந்தார், உள்ளே மணிகள் உருண்டு திரண்டு கிடந்தன, பிரித்துவிட்டார். சில மணிகள் ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன. பசை போலிருக்கிறது என்று சோப்புத் தண்ணீரில் கழுவியும் வைத்தார்.

போன் அடித்தது. மனைவிதான். பள்ளியில் உயிரியல் டீச்சர். ஏதோ கூட்டம் என்று காலையிலேயே போயிருந்தாள்.

“என் பெட்டி பத்திரமா இருக்கா?”

“உனக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். சாயங்காலம் வந்து பாரு.”

“என்னமோ பண்ணுங்க, அந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க. உள்ள புரத மாடல் இருக்கு. அந்த வடிவம் வர்றதுக்கே மூணு வாரம் ஆச்சு. நாளைக்குத் தேர்வுக் குழு முன்னாடி அதை வச்சுத்தான் பாடம் எடுக்கணும். இந்தத் தடவையும் வேலை நிரந்தரம் ஆகலைன்னா ஆறு வருஷம் உழைச்சது அவ்வளவுதான்.”

“தொடுவேனா டீச்சர்!” என்றார். பயம் வந்தால்தான் அவர் வாயில் ‘டீச்சர்’ வரும். அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார். ‘ஒரு மணி என்பது ஓர் அமினோ அமிலம். இருபது வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டால் புரதம். நீட்டி வைத்த சங்கிலியால் ஒரு வேலையும் ஆகாது. மடிந்து தன் வடிவத்துக்கு வந்தால்தான் ஒரு புரதம் ஆக்சிஜனைச் சுமக்கும், இன்னொன்று உணவைச் செரிக்கும். அந்த வடிவத்தை வரிசையே தீர்மானிக்கிறது.’

கடைசி வரி அவர் கண்ணிலேயே படவில்லை. ‘ஒரு வேலையும் ஆகாது’ என்ற இடத்திலேயே பார்வை நின்றுவிட்டது.

கதவு தட்டப்பட்டது. ஏழாவது படிக்கும் மகள்.

“அப்பா, அம்மா பெட்டி உங்ககிட்டயா? அதுல ஒரு விஷயம்...”

அவள் காதில் விழுந்தது அடுத்த நிமிஷம் அம்மா காதுக்குப் போய்விடும்.

“தூங்குறேன், போம்மா!”

“தூங்குறவங்க பேசுவாங்களா?”

“தூக்கத்துல பேசுறேன்!”

குறிப்பேட்டில் ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்து மடிக்கத் தொடங்கினார். சிவப்பை நீலத்தோடு சேர்த்தால், நீலம் துள்ளிப்போய் மஞ்சளோடு ஒட்டிக்கொண்டது. கழுவியும் போகாத பசையா என்று திட்டிக்கொண்டே நைலான் நூலால் கட்டினார். ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் பிதுங்கியது. கோபத்தில் இறுக்கி ஓர் இழுப்பு இழுத்தார். கட்டிய நூல் அப்படியே இருந்தது, கோர்த்த நூல் பட்டென்று அறுந்தது.

மணிகள் கட்டிலுக்கடியிலும் பீரோவுக்கடியிலும் ஓடின. தவழ்ந்து பொறுக்கி எண்ணினார். ஐம்பத்தாறு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் மிச்சம் ஒன்று அகப்படவில்லை.

மறுபடியும் தட்டல்.

“அப்பா, கதவுக்கு அடியில ஒரு பச்சை மணி உருண்டு வந்துச்சு. நான் சொல்றதைக் கொஞ்சம்...”

கதவை விரலளவு திறந்து மணியைப் பிடுங்கிக்கொண்டு சாத்தினார். “அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது!”

குறிப்பேட்டில் எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்று பட்டியல் இருந்தது. கோர்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. புது நூலில் ஐம்பத்தேழையும் ஒன்று பிசகாமல் கோர்த்தார். இந்தத் தடவை எதுவும் எதோடும் ஒட்டக்கூடாது என்று, இரண்டு முனைகளையும் மேசையின் இரண்டு ஓரத்தில் கிளிப் போட்டு இழுத்து வைத்தார். மூன்றாவது தடவை கதவு தட்டப்பட்டபோது, “ஒண்ணும் சொல்ல வேண்டாம், போ!” என்று கத்தினார். மேற்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மனைவி வந்தாள். அவரே கதவைத் திறந்து மேசையைக் காட்டினார்.

“டீச்சர், உன் வேலையைக் கெடுத்துட்டேன்.”

அவள் குறிப்பேட்டை எடுத்து, விரல் வைத்து, மணி மணியாகச் சரிபார்த்தாள். ஐம்பத்தேழு மணிக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வரிசை சரியாத்தான் இருக்கு,” என்று பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள். “கோர்வைகூட நான் கோர்த்ததைவிட உறுதியா இருக்கு.”

“வடிவம் போச்சே!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் வந்து கிளிப்பைக் கழற்றினாள், சங்கிலியை அள்ளிப் பெட்டியில் போட்டாள், மூடினாள், இரண்டு கையாலும் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

“ஐயையோ, என்ன பண்றே!”

பெட்டியைத் திறந்து நீட்டினாள். காலையில் பார்த்த அதே உருண்டை, அதே இடத்தில் அதே நிறம். கோர்வைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மணிக்குள்ள காந்தம் இருக்குப்பா. வரிசை மட்டும் சரியா இருந்தா, குலுக்கினதும் தானா மடிஞ்சுக்கும். அந்த வரிசையைக் கண்டுபிடிக்கத்தான் அம்மாவுக்கு மூணு வாரம் ஆச்சு,” என்றாள் மகள். “இதைச் சொல்லத்தான் மூணு தடவை கதவைத் தட்டினேன்.”