வொயில் லூப்பும் மாமனார் போட்ட போரும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. மனைவியிடம் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

வாரம் முழுக்க விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சூளையோடு மல்லுக்கட்டுகிறவன் நான். உள்ளே பொம்மைகள் வேகும், வெளியே நான். எனக்கு வேண்டியதெல்லாம் ஞாயிறு மதியம் ஒரு தூக்கம். ஆனால் காலையிலேயே கனிமொழி கருவேப்பிலங்குறிச்சிக்கு வண்டியைக் கிளப்பச் சொல்லிவிடுவாள். அங்கே மாமனார் கோவிந்தராசு, தன் வயலில் போர் போட்ட கதையோடு காத்திருப்பார். பாறை வரும். பாறைக்குக் கீழே இன்னொரு பாறை வரும். தண்ணீர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கேட்டுக் கேட்டு எனக்கே போர் போடத் தெரியும்.

கனிமொழி பாலக்கரைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். பிள்ளைகளுக்கு நடத்துமுன் எனக்கு நடத்திப் பார்ப்பாள். எனக்கே புரிந்துவிட்டால் யாருக்கும் புரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்தச் சனிக்கிழமை தோசைக்கல் முன்னால் லூப்புப் பாடம் நடந்தது.

"ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்றதுதாங்க லூப்பு."

"அப்ப நம்ப கல்யாணம்?"

"பாடத்த கவனிங்க. இத்தினி தோசைன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு ஊத்துனா ஃபார் லூப்பு. ஒவ்வொரு தோசைக்கும் முன்னாடி, பசி இருக்குதான்னு பாத்துட்டு ஊத்துனா வொயில் லூப்பு. பசிங்கறதுதான் கண்டிஷன். அது பொய்யாயிட்டா கல்ல எறக்கிடலாம்."

"கேக்காமலே தட்டுல போட்டுட்டு, அப்பறமா இன்னொன்னு வேணுமான்னு கேட்டா?"

"அது டூ-வொயிலு. மொத தோசையிலேருந்து தப்பிக்கவே முடியாது."

"உங்கம்மா!"

"நிறுத்தவே வழியில்லன்னா அது இன்ஃபினிட் லூப்பு. சுத்திக்கிட்டே இருக்கும்."

'உங்கப்பா' என்று வாய்வரை வந்தது. அவள் கையில் தோசைத்திருப்பி இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"கனி, இனிமே உங்க வூட்டுக்கு நான் வொயில் லூப்புலதான் வருவேன்."

"எப்படிங்க?"

"உங்கப்பா போர் போட்ட கதைய சொல்லாத வரைக்கும் அங்க இருப்பேன். சொல்லிக்கிட்டு இருந்தாருன்னா கண்டிஷன் பொய்யாயிடும். லூப்பு முடிஞ்சிது. வூட்டுக்கு வந்து நான் தூங்குவேன்."

"ஒரு சுத்துன்னா எதுங்க?"

"அவரு ஒரு பேச்ச ஆரம்பிச்சி முடிக்கிறது ஒரு சுத்து," என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன்.

"சரிங்க. வொயில் லூப்பு சட்டப்படியே நடந்துக்கலாம்," என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் போய் இறங்கினோம். அத்தை சொர்ணாம்பாள் கேட்காமலே காபியைக் கையில் திணித்துவிட்டு, குடித்து முடித்ததும் "காபி குடிக்கிறீங்களா மாப்ள?" என்றார். மாமனார் வந்து எதிரே உட்கார்ந்தார். அவராக ஆரம்பிக்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? நானே தூண்டிலைப் போட்டேன்.

"மாமா, நம்ப போர்ல இப்ப தண்ணி எப்படி வருது?"

அவர் முகம் மலர்ந்தது. "அத ஏன் கேக்கறீங்க மாப்ள! மொத மொத போர் வண்டி வந்து நின்னப்ப..."

நான் எழுந்து கனிமொழியின் காதில் சொன்னேன். "கெளம்பு. கண்டிஷன் பொய்யாயிடிச்சி."

"உக்காருங்க."

"கதை சொல்றாருடி!"

"சொல்றாரு. ஆனா வொயில் லூப்பு, சுத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான் கண்டிஷன பாக்கும். நடுவுல பாக்காது. ஆரம்பிச்ச சுத்து முழுசா முடியணும்."

"இது அநியாயம்."

"வெந்துக்கிட்டு இருக்கற சூளைய நடுவுல தொறந்து பாக்கட்டுமான்னு மொதலாளி மவன் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"பத்த வச்சா வச்சதுதான், வெந்து ஆறுனப்பறந்தான் தொறக்கணும்னு சொன்னேன்."

"இப்ப பத்த வச்சது யாரு?"

உட்கார்ந்தேன்.

"என்ன மாப்ள, எழுந்திரிச்சிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. வசதியா உக்காந்து கேக்கலாம்னு."

பாறை வந்தது. துளைபோடும் பிட்டு உடைந்தது. வேறு பிட்டு வாங்க மங்கலம்பேட்டைக்கு ஆள் போனான். அவன் திரும்பி வருவதற்குள் என் மதியத் தூக்கத்துக்கான நேரம் போயே போய்விட்டது. கண்ணைத் திறந்தபடியே தூங்கிப் பார்த்தேன். "கேக்கறீங்கல்ல மாப்ள?" என்று தொடையில் ஒரு தட்டு தட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் தாழ்ந்த பிறகு ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தார்.

நான் துள்ளி எழுந்தேன். "சுத்து முடிஞ்சிது! இப்ப பாரு கண்டிஷன!"

கனிமொழி நிதானமாக அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா இப்ப கதை சொல்றாரா?"

"இல்ல."

"சொல்லாத வரைக்கும் இருப்பேன்னு சொன்னது நீங்கதானே? அப்ப அடுத்த சுத்துக்கு உக்காருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதை ஓடும்போது கண்டிஷனைப் பார்க்கக்கூடாது. பார்க்கும்போது கதை ஓடாது. வெளியே வர வழியே இல்லாத ஒரு லூப்பை நானே கட்டி, நானே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமனார் எட்டிப்போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"நீங்களா கேட்டப்பறம் எப்படி சொல்லாம இருக்கறது? மேலண்ட வயல்ல ரெண்டாவது போர் ஒண்ணு போட்டேன் மாப்ள. அந்தக் கதைய இன்னும் யாருக்குமே சொன்னதில்ல."